ஏழையின் இரட்டை அச்சு

ஞாயிறு திருப்பலி நிறைவுற்று மக்கள் கலைந்து சென்றபின் எமக்கு ஒரு பணி எஞ்சியிருக்கும். காணிக்கைப் பைகளை மேசைமேல் கவிழ்த்து, பங்குப் பேரவையினர் இருவரோடு அமர்ந்து எண்ணும் பணி அது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த எம் பங்கில் அந்த மேசை பல கைகளின் கதையைச் சொல்லும். உருக்காலையில் இரவுப் பணி முடித்து, வீட்டுக்கும் போகாமல் திருப்பலிக்கு விரைந்து வந்த ஜார்க்கண்டு இளைஞரின் கரி படிந்த நோட்டு அங்கே கிடக்கும். பழவேற்காட்டு இறாலைக் கூடையில் சுமந்து விற்ற தாயின் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்ந்த சில்லறையும் கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மேசையில் ஒரு விந்தையைக் கண்டோம். பத்து ரூபாய் நாணயங்கள் வழக்கத்திற்கு மீறிக் குவியத் தொடங்கின. மக்களின் தாராளம் பெருகிவிட்டது போலும் என்று மகிழ்ந்தோம். பின்னரே காரணம் விளங்கிற்று. கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் அந்நாணயத்தைப் போலி என்று சொல்லி வாங்க மறுத்தனர். எங்கும் செல்லாதது ஆண்டவர் சந்நிதியிலாவது செல்லட்டும் என்று நம் மக்கள் கொண்டுவந்து இட்டுவிட்டனர்! சில நாணயங்களில் பதினைந்து கதிர்கள், சிலவற்றில் பத்துக் கதிர்கள். ஐயத்திற்கு இவ்வளவே போதுமானதாயிற்று. 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்களில் வெளிவந்த பத்து ரூபாய் நாணயங்கள் யாவும் செல்லும் என்று அறிவித்தது. அதன்பின்னும் ஐயம் எளிதில் அகலவில்லை.

மெய்யான நாணயத்தைப் பொய்யென்று தள்ளுவது ஒரு பிழை. ஒன்றுமில்லாத நாணயத்தைப் புதையல் என்று போற்றுவது மற்றொரு பிழை. முதற் பிழையைச் செய்த எம் மக்களைக் கண்டு நகைத்த யாம், இரண்டாம் பிழையைச் செய்தோம். அதனால் ஓர் ஏழைக் குடும்பம் பொருள் இழந்தது. அதனைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களிலேயே எமக்கு நாணயம் சேர்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. பெரிய சேமிப்பு ஒன்றுமில்லை. ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஓட்டைக் காலணா, ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் இரண்டு, புனித அல்போன்சாவின் பிறப்பு நூற்றாண்டையொட்டி 2009-இல் நடுவண் அரசு வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயம், இன்ன பிற. இவற்றோடு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று. நாணயங்களைப் பற்றி இரண்டொரு நூல்களும் படித்திருந்தோம். சிறிதளவு அறிந்தவரிடம் உள்ள ஆபத்து, அறியாதவரிடம் இல்லை என்பதை அப்போது உணர்ந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு சூன் மாதத்தில் ஒரு மாலை, எம் பங்கைச் சேர்ந்த தம்பி ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, செவிலியர் படிப்புக்கு இடமும் கிடைத்து, கட்டணத்திற்காகக் குடும்பம் அலைந்துகொண்டிருந்த நேரம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பதினொரு பக்கமுடைய பழைய இரண்டு ரூபாய் நாணயம். இந்திய நிலப்படமும் கொடியும் பொறித்தது.

"ஃபாதர், நீங்க பழைய காசெல்லாம் சேர்ப்பீங்களாமே. இதுல எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது, பாருங்க. இந்த மாதிரி காசுக்கு லட்சக்கணக்குல தர்றாங்கன்னு போன்ல வருது."

கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். மெய்தான். '2' என்னும் எண்ணை ஒட்டி மற்றொரு '2' நிழல்போல நின்றது. ஆண்டு எண்ணிலும் அவ்வாறே. எம் உள்ளம் துள்ளியது. 'இரட்டை அச்சு' நாணயங்களைப் பற்றி நூலில் படித்திருந்தோமே அன்றி ஒன்றையும் நேரில் கண்டதில்லை. "தம்பி, இது இரட்டை அச்சுதான் போலிருக்கிறது" என்றோம். 'போலிருக்கிறது' என்னும் சொல்லை யாம் சொன்னது உண்மை. ஆனால் மகளின் கல்விக்கட்டணத்தை நெஞ்சில் சுமந்து நிற்கும் தந்தையின் செவியில் அச்சொல் ஏறாது என்பதை யாம் அறிந்திருக்க வேண்டும். அவர் கேட்டது 'இரட்டை அச்சுதான்' என்பதை மட்டுமே. பொட்டலத்தை முன்னிலும் பத்திரமாக மடித்து எடுத்துச் சென்றார்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாமி, எட்டாயிரத்து ஐந்நூறு போச்சு" என்றார்.

தொலைபேசியில் வந்த ஏதோ ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் கணவர் அழைத்திருக்கிறார். நாணயத்தின் படத்தை அனுப்பச் சொன்னார்களாம். மூன்று லட்சம் தருவதாக ஒப்புக்கொண்டு, ரிசர்வ் வங்கியின் சின்னம் பொறித்த கடிதம் ஒன்றையும் அனுப்பினார்களாம். பதிவுக் கட்டணம் என்று முதலில் 2,500 ரூபாய். வரி என்று அடுத்து 6,000 ரூபாய். மூன்றாவதாகக் காப்பீட்டுக்கு 12,000 கேட்டபோதுதான் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பின் அழைத்தால் அந்த எண் இயங்கவில்லை. போன பணம், கல்லூரிக்கு முதல் தவணையாகக் கட்ட வைத்திருந்தது.

"வேணாம்னு சொன்னேன் சாமி. 'சாமியே கண்ணாடி வெச்சுப் பார்த்துச் சொல்லிட்டாரு, உனக்கு என்ன தெரியும்'னாரு" என்றார் அந்தப் பெண். எம்மைக் குறை சொல்லும் நோக்கம் அவர் குரலில் துளியும் இல்லை. அதுவே எம்மை மிகவும் சுட்டது.

இணையவழி மோசடிகளுக்கான 1930 என்னும் எண்ணில் அன்றே முறையிடச் செய்தோம். பணம் பறிபோன உடனே அழைத்தால், அது கை மாறுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. நாள் பல கடந்துவிட்டபடியால் இங்கு அது இயலாமற் போயிற்று. 2021 ஆகஸ்டு மாதத்திலேயே ரிசர்வ் வங்கி இது குறித்து எச்சரித்திருந்தது: தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய நாணயங்களுக்கும் நோட்டுகளுக்கும் கட்டணம், தரகு, வரி கேட்போர் ஏமாற்றுக்காரர்; தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை; எவருக்கும் அந்த அதிகாரத்தை அளிக்கவும் இல்லை என்று. அந்த அறிவிப்பைப் படித்தவர் யாம். நினைவூட்டியிருக்க வேண்டிய வேளையில் வாயடைத்துக் கண்ணாடிக்குள் களித்திருந்தோம்.

பணம் பறித்தவர் கள்வர். ஆயினும் நாணயமாவது மெய்யான இரட்டை அச்சாக இருக்கக் கூடாதா என்னும் ஆசை எம்மை விடவில்லை. இருந்தால் வேறு நல்லோர் வழியே விற்றுக் கொடுக்கலாமே! தம்பியிடம் நாணயத்தை வாங்கிக்கொண்டு, கவரைப்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். தொழிற்பேட்டையின் பல ஆலைகளுக்கு நாற்பது ஆண்டுகளாக அச்சு வெட்டித் தந்தவர். எழுத்துப் படிப்பு எட்டாம் வகுப்பு, எஃகைப் படித்தவர்.

அவர் நாணயத்தைச் சாளரத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"டை லூஸு, ஃபாதர். வேற ஒண்ணும் இல்ல."

எமக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து சென்று, மூலையிலிருந்த தகரப் பெட்டியிலிருந்து பித்தளை வில்லைகள் சிலவற்றை அள்ளி வந்தார். தொழிலாளர்க்கு ஆலைகளில் கொடுக்கும் எண் வில்லைகள் அவை. எண்கள் இரட்டையாக விழுந்து வீணானவை. அவற்றை இரு குவியலாகப் பிரித்தார்.

"இந்தக் குவியலப் பாருங்க. இதுல டை சரியாத்தான் வெட்டியிருந்தது. பிரஸ்ல மாட்டும்போது போல்ட்டு சரியா இறுக்கல. அடி விழுந்து டை மேல எழும்புற நேரத்துல கொஞ்சம் ஆடிடுச்சு. ஆடுனப்போ எழுத்தோட ஓரத்த நசுக்கிட்டுப் போயிருக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இப்ப இந்தக் குவியலப் பாருங்க. இது டை வெட்டும்போதே நடந்த குத்தம். பையன் எண்ண ஒரு தடவ குத்திட்டு, ஆழம் பத்தலன்னு மறுபடி வெச்சுக் குத்துனான், இடம் தவறிடுச்சு. அம்பது வில்லை அடிச்சா அம்பதுலயும் அதே எடத்துல, அதே அளவுல இரட்டை."

பிறகு அவர் சொன்ன ஒரு சொற்றொடரை அன்றிரவே நாட்குறிப்பில் எழுதி வைத்தோம்: "முதல்ல உள்ளது அந்த அடியோட குத்தம், ரெண்டாவது அச்சோட குத்தம்."

குருமடத்துப் பேராசிரியர் எவரும் இதைவிடத் தெளிவாக வகுத்துரைத்திருக்க முடியாது. வீடு திரும்பி எம் நூல்களை மீண்டும் புரட்டினோம். முன்பு ஆசையோடு படித்த அதே பக்கங்களை இம்முறை அச்சத்தோடு படித்தோம். பெரியவர் சொன்னது அப்படியே அங்கு இருந்தது.

நாணயம் பிறக்கும் முறை இது. வழவழப்பான உலோக வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே வைத்து இயந்திரம் அழுத்துகிறது. அச்சில் எழுத்து குழிவாக இருக்கும். நாணயத்தில் அது புடைப்பாக எழும். அந்த அச்சுக்கும் ஒரு தாய் உண்டு. நாணயத்தைப் போலவே புடைப்பெழுத்துடைய தாய் முத்திரை ஒன்றை, மென்மையாக்கப்பட்ட எஃகின்மேல் பேரழுத்தத்துடன் பதித்தே அச்சினை உண்டாக்குகின்றனர். முற்காலத்தில் ஒரே அழுத்தில் முழு உருவமும் பதியாது. முதல் அழுத்தில் எஃகு இறுகிவிடும்; அதனை உலையிலிட்டு இளக்கி, மீண்டும் தாய் முத்திரையின்கீழ் வைத்து அழுத்த வேண்டும். இரண்டாம் முறை வைக்கையில் மயிரிழை திரும்பிப்போனாலும் அச்சில் இரண்டு உருவங்கள் பதிந்துவிடும். அந்த அச்சிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு நாணயமும் அந்த இரட்டையைச் சுமந்தே பிறக்கும். இதுவே மெய்யான இரட்டை அச்சு.

இதற்குப் பெயர்போன சான்று அமெரிக்காவில் உள்ளது. 1955-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நாணயச்சாலையில் லிங்கன் உருவம் பொறித்த ஒரு சென்ட் நாணயங்கள் இவ்வாறு இரட்டை அச்சோடு வெளிப்பட்டன. ஆண்டு எண்ணும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். பிழை தெரியவந்தபோது அவை வேறு ஏராளமான நாணயங்களோடு கலந்துவிட்டிருந்தன; பிரித்தெடுப்பது கடினமென்று அப்படியே வெளியே விட்டுவிட்டனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை மக்களிடம் சென்றன என்பர். அக்காலத்தில் தானியங்கிப் பொறியில் விற்ற சிகரெட்டுப் பெட்டிக்குள் மீதிச் சில்லறையாகச் செருகிய காசுகளில் பல அகப்பட்டனவாம். இன்று அத்தகைய ஒரு சென்ட் ஆயிரம் டாலருக்கு மேல் விலை போகிறது.

அதே 1955-ஆம் ஆண்டின் நாணயங்களில் வேறொரு வகையும் உண்டு. ஆண்டின் கடைசி '5' மட்டும் நிழல் தட்டி இரண்டாகத் தோன்றும். அளவுக்கு மீறி உழைத்துத் தேய்ந்துபோன அச்சின் விளைவு அது; இரட்டை அச்சு அன்று. உண்மையான இரட்டை அச்சினை வாங்க இயலாதவரிடம் வணிகர் இதனைக் காட்டி விற்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர்தான் எம்மை நெடுநேரம் உறங்கவிடவில்லை: 'ஏழையின் இரட்டை அச்சு.'

ஏழையிடம் விற்பதற்கென்றே போலி மேன்மைகள் உலகில் உண்டாக்கப்படுகின்றன. பெயரிலேயே அவனுடைய வறுமையை எழுதி அவனிடமே விற்றுவிடுகின்றனர். எம் தம்பியிடமும் நடந்தது இதுதான். ஆனால் அவருக்கு அந்தச் சரக்கை முதலில் பரிந்துரைத்தவர் வணிகர் அல்லர்; அவருடைய பங்குத்தந்தை.

வாசகர்களிலும் எவரேனும் இத்தகைய நாணயத்தைக் கையில் வைத்திருக்கக்கூடும் என்பதால், கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, எழுத்தின் பருமனைப் பாருங்கள். மெய்யான இரட்டை அச்சில், ஓர் உருவத்தோடு மற்றோர் உருவம் கூடுவதால் எழுத்து வழக்கத்தினும் தடித்திருக்கும். இயந்திரம் ஆடியதால் வந்த இரட்டையில் எழுத்து தன் பருமனில் ஒரு பகுதியை இழந்திருக்கும். புதிதாக ஒன்றும் சேர்ந்திராது, இருந்ததே நசுங்கியிருக்கும்.

இரண்டாவது, உயரம். மெய்யானதில் இரண்டாம் உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு திரண்டு எழுந்து நிற்கும். ஆட்டத்தால் வந்ததோ, சுவரை ஒட்டிய திண்ணைபோலத் தட்டையாக, நாணயத்தின் தரையை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். நசுங்கிய இடம் பளபளக்கும். எம் நாணயத்தில் இருந்தது அந்தத் திண்ணையே. அதன் பளபளப்பைத்தான் யாம் செல்வம் என்று எண்ணினோம்.

மூன்றாவது, எழுத்தின் முனைகள். இரு உருவங்கள் பிரியும் மூலையில் மெய்யானதில் சிறு பிளவு காணப்படும், பாம்பின் நாக்குப் போல. நசுங்கியதில் அப்பிளவு இராது. தேய்ந்த அச்சினால் வந்ததாயின் எழுத்தின் ஓரம் குழம்பி, ஈரத்தாளில் பரவிய மைபோல விரிந்திருக்கும்.

நான்காவதும் முடிவானதும், அதே அச்சில் பிறந்த உடன்பிறப்புகள். ஓர் அச்சு ஆயிரமாயிரம் நாணயங்களை ஈனும். இரட்டை அச்சில் இருக்குமாயின், அந்த அச்சில் பிறந்த மற்ற நாணயங்களிலும் அதே இடத்தில், அதே திசையில், அதே அளவில் இருந்தே தீரும். எங்கோ ஒன்றில் மட்டும் தோன்றி, அடுத்ததில் மாறி, அதற்கடுத்ததில் மறைந்துபோவது அந்தந்த அடியின் தடுமாற்றமே. அத்தகைய காசுக்கு அதன்மேல் எழுதியுள்ள விலைதான் விலை.

நம் நாட்டிலும் அச்சினால் வேறுபட்ட நாணயங்கள் இல்லாமல் இல்லை. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய் வெளிவந்தபோது, அவருடைய அங்கியில் தொங்கும் பதக்கத்து யானை பார்ப்பதற்குப் பன்றிபோல் இருந்தது. இசுலாமியரிடையே மனவருத்தம் எழவே, அரசு அந்நாணயத்தை நிறுத்தி, வெளியே செல்லாதவற்றை உருக்கியது. அடுத்த ஆண்டு யானையின் துதிக்கை தெளிவாகத் தெரியுமாறு புதிய அச்சு வெட்டப்பட்டது. 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்போர் இன்றும் தேடும் அந்த வேறுபாடு அச்சிலேயே உள்ளது. ஆகவே அந்த அச்சின் ஒவ்வொரு காசிலும் உள்ளது.

இயந்திரம் வருவதற்கு முன் நிலைமை வேறு. எம் பங்கிலிருந்து கிழக்கே சற்றுத் தொலைவிலுள்ள பழவேற்காட்டில், 1613-இல் எழுந்த கெல்திரியா கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஒல்லாந்தர், கும்பினியின் பெயரால் செப்புக் காசுகள் அடித்தனர். கீழச்சின்மேல் வில்லையை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பதே அந்நாளைய முறை. முதல் அடியில் வில்லை துள்ளி நகர, இரண்டாம் அடி வேறிடத்தில் விழும். ஒரே காசில் இரண்டு முத்திரை அமையும். சோழர் காசானாலும் ஒல்லாந்தர் காசானாலும் சம்மட்டிக்கு வேற்றுமை தெரியாது. அதுவும் அடியின் பிழையே. அச்சின் பிழை அன்று.

இவ்வாறு நோட்டம் பார்ப்பதற்கென்றே நம் முன்னோரிடையே ஒரு தொழிலினர் இருந்தனர். வண்ணக்கர் என்பது அவர்கள் பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் ஒருவரின் பெயரிலேயே அத்தொழில் நிலைபெற்றிருக்கிறது. சந்தையில் பொருள் விற்றவன் வண்ணக்கன் முன் காசை வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்து நின்றிருப்பான். வண்ணக்கன் 'நன்று' என்றால் நன்று; 'தீது' என்றால் தீது. அவன் சொல்லை நம்பியே ஒரு குடும்பம் அன்று உண்டிருக்கும். எத்தனை பெரிய பொறுப்பு!

திருச்சபையின் பழைய ஆசிரியர்களும் இத்தொழிலை மறக்கவில்லை. தேர்ந்த காசு நோட்டக்காரரைப் போல இருக்க வேண்டும் என்று ஆண்டவரே அறிவுறுத்தியதாக ஒரு மரபு, நற்செய்தி நூல்களுக்கு வெளியே, அலெக்சாந்திரியா நகர்க் கிளமெந்து, ஒரிஜன் ஆகியோரின் காலத்திலேயே வழங்கியது. ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன், துறவியர்க்கான தம் உரையாடல் நூலில் இதனை விரித்துரைக்கிறார். உள்ளத்தில் எழும் எண்ணங்களை நான்கு வகையில் சோதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து: மெய்யாகவே பொன்தானா, பொன்போல் மின்னும் பித்தளையா, பொன்னே ஆயினும் அதில் பொறித்திருப்பது முறையான அரசனின் உருவமா, முறையான அச்சுச்சாலையில் அடித்ததா, துரு அரித்து எடை குறைந்திருக்கிறதா. இப்பாடத்தைக் குருமடத்தில் தேர்வுக்காக மனனம் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். முப்பது ஆண்டு கழித்து ஓர் ஏழை மெய்யாகவே ஒரு காசை எம் மேசைமேல் வைத்தபோது, நான்கில் ஒன்றையும் யாம் சோதிக்கவில்லை.

ஏன் சோதிக்கவில்லை என்று எம்மையே கேட்டுக்கொண்டோம். அறியாமை ஒரு காரணம். ஆனால் அது முழுக் காரணம் அன்று. 'எமக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறோம்' என்று சொல்ல நா எழவில்லை. பங்கில் எதைக் கேட்டாலும் விடை சொல்லிப் பழகிய வாய் இது. திருமணத் தடை முதல் மின்கட்டணத் தகராறு வரை எம்மிடம் கேட்பார்கள், யாமும் சொல்வோம். வயது ஏற ஏற, தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லும் பழக்கம் எம்மை அறியாமலே படிந்துவிட்டது. தேய்ந்த அச்சு என்று நூல்கள் சொல்வது நாணயத்தைப் பற்றி மட்டும் என்று எமக்குத் தோன்றவில்லை.

பட்டறையிலிருந்து வந்த மறுநாள் இரவு தம்பியின் வீட்டுக்குச் சென்றோம். நெடுஞ்சாலைக்கு அப்பால் வரிசையாக உள்ள ஓட்டு வீடுகளில் ஒன்று. வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். நாணயத்தை அவர் கையில் கொடுத்து, பெரியவர் சொன்னதைச் சொன்னோம். "யாம் சொன்னது தவறு. எம்மை நம்பித்தான் நீங்கள் பணம் கட்டினீர்கள்" என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க என்ன ஃபாதர் பண்ணுவீங்க, ஆசைப்பட்டது நான்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை.

மகள் உள்ளிருந்து வந்து, எம் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, நாணயத்தை விளக்கின்கீழ் பிடித்துப் பார்த்தாள். திண்ணை எது, நசுங்கிய ஓரம் எது என்று காட்டினோம். அவளுக்கு விரைவில் விளங்கிவிட்டது; எமக்கு ஆனதைவிட விரைவாக. பார்த்து முடித்தவள் கேட்டாள்: "அப்போ இது பொய்க் காசா, ஃபாதர்?"

அந்தக் கேள்விக்கு எமக்கு விடை தெரியும் என்பதில் சிறு ஆறுதல் இருந்தது. "இல்லையம்மா. காசில் பொய் ஒன்றும் இல்லை. நல்ல அச்சில், முறையான அரசு அடித்த காசு. ஓர் அடியில் கொஞ்சம் ஆடிப்போயிற்று, அவ்வளவே. இரண்டு ரூபாய்க்கு அது இரண்டு ரூபாய்தான். அதற்கு மேல் நாங்கள் ஏற்றிச் சொன்னதுதான் பொய்" என்றோம்.

எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை எம் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். இலவசமாக வாங்க அவர் உடன்படவில்லை. மாதம் ஐந்நூறாகத் திருப்பித் தருவேன் என்று உறுதி கூறியே வாங்கினார். பட்ட கடனைத் தீர்க்க வேண்டியவர் யாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கட்டணத்தின் எஞ்சிய பகுதிக்கு எம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் துணை நின்றனர். மகள் இப்போது செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி. அதனை மாதந்தோறும் நினைவூட்டுபவர் அவர், யாம் அல்ல.

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலிக்குப்பின் அவர் அறைவீட்டு வாயிலில் வந்து நிற்கும்போதெல்லாம் அச்சொல்லின் இரு பொருளும் எம் நினைவுக்கு வருகின்றன. மாதம் தவறாமல், அதே நாளில், அதே அளவில், ஐந்நூறு ரூபாய். பட்டறைப் பெரியவர் சொன்ன சோதனைப்படி பார்த்தால், அச்சிலேயே உள்ளது அது.